சுற்றாடல் மாறி வரையறுக்கப்படவில்லை

வீரம்மாவின் இரண்டு ஏக்கர் வயலுக்கும் வேண்டிய தண்ணீர் இருக்கத்தான் செய்தது. குளத்தில் இருந்தது, வாய்க்காலில் இருந்தது, அவளுடைய வரம்பிலிருந்து முந்நூறு யார் தூரம் தள்ளியிருந்த மதகுக் கதவு வரைக்கும் வந்து முட்டிக்கொண்டும் நின்றது. இல்லாமல் இருந்தது ஒரு கடதாசித் துண்டு மட்டும்தான்.

முன்பு உருத்திரபுரத்துக்கு அப்பால் அந்தக் கடைசி வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை வட்டவிதானை ஐயாத்துரை தீர்மானிப்பார். கமக்காரர் கூடி வாய்க்காலுக்குப் பொறுப்பாகத் தெரிந்தெடுத்த ஆள் அவர். சைக்கிளை வரம்பில் சாத்திவிட்டு வயலுக்குள் இறங்கி, ஒரு பயிரைக் கிள்ளிப் பார்த்து, "நாளைக்குக் காலமை திறக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்தநாள் காலை தண்ணீர் வரும். இந்த முறையில் தாமதத்துக்கு இடமுண்டு என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். உடனே நீர்ப் பங்கீட்டு நவீனமயமாக்கல் அதிகாரசபை என்று ஒன்று பிறந்தது. அதற்கு ஒரு கந்தோர், ஆறு கணினிகள், ஒரு பெரிய பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. ஐயாத்துரையிடம் மதகுப் பூட்டின் திறப்பு மட்டும் மிஞ்சியது. யாருக்குத் தண்ணீர் முறை என்று கணினியில் அச்சடித்த முறைத்துண்டு கைக்கு வராமல் கதவைத் தொட்டால் அது குற்றம் என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கந்தோரில் துண்டு அச்சடிக்க வேண்டியவள் சாரங்கா. முள்ளியவளைப் பெண். கணினியில் டிப்ளோமா முடித்து, நான்கு வருடம் வீட்டிலிருந்து, வேலை கேட்டு ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் ஒரு கதிரையைப் பெற்றவள். கதிரை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எதை அபிவிருத்தி செய்வது என்று இன்னும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மழையில்லாத சிறுபோகத்தில், சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு திங்கட்கிழமை, வீரம்மா அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து தாயின் இடுப்பில் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, இரண்டு ஏக்கரை வயலாக்கி, போரில் அதை விட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் வயலாக்கியவள்.

"கமக்கார அமைப்பு போன்ல எனக்குப் பதிஞ்சு விட்டுட்டாங்க மிஸ். துண்டு இங்கதான் அடிப்பீங்களாம். நெல்லு கதிர் வெளிய வராம குடலையில நிக்குது. பத்து நாளுக்குள்ள ஒரு தண்ணி பாஞ்சாப் போதும். பாயலைன்னா அம்புட்டும் மணியில்லாத சப்பிதான்."

"இருங்கோ அக்கா, இப்ப அடிச்சுத் தாறன்" என்றாள் சாரங்கா. அந்தக் கந்தோரின் சரித்திரத்தில் ஓர் உத்தியோகத்தர் 'இப்ப' என்ற சொல்லைப் பாவித்தது அதுவே முதல் தடவை.

கணினியைத் தட்டினாள். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. 'சுற்றாடல் மாறி வரையறுக்கப்படவில்லை. பாதை காணப்படவில்லை. நிர்வாகியைத் தொடர்புகொள்க.' பக்கத்து மேசைகளிலும் போய்த் தட்டிப் பார்த்தாள். ஐந்து கணினிகளிலும் அதே பெட்டிதான்.

சாரங்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தரவுத்தளம் கணினிக்குள் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்கு ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். இரண்டே இரண்டு வரி. ஆங்கிலத்தில் என்விரோன்மென்ட் வேரியபிள் என்பார்கள். கலைச்சொல் அகராதி அதைச் சுற்றாடல் மாறி ஆக்கியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரர் திறப்பு விழா அன்று அந்த இரண்டு வரியையும் நிர்வாகியின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, விழாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆறு பேர் இருக்கிற வீட்டில் திறப்பு எங்கே தொங்குகிறது என்று ஒருவருக்கு மட்டும் சொன்ன மாதிரி. அந்த ஒருவர் வீட்டுக்குள் போவதேயில்லை என்பதுதான் இங்கே விசேஷம்.

அந்த ஒருவர் திரு. சிற்றம்பலம். பதவி, நிர்வாக உத்தியோகத்தர். அவருடைய அறையில் ஆறாவது கணினி, கரையில் பூவேலை செய்த துணியால் போர்த்தப்பட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டோடு இருந்தது. திறப்பு விழாவில் ஒரு பிரமுகர் தட்டிய ஒரேயொரு தட்டுக்குப் பிறகு அதை ஒருவரும் தொட்டதில்லை.

சாரங்கா சிவப்புப் பெட்டியில் இருந்ததை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கடைசி வசனத்தை இரண்டு தடவை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"கண்டீரோ பிள்ளை, மெசினுக்கே என்னைத் தெரியுது."

"இது அந்த நிர்வாகி இல்லை சேர். கொம்பியூட்டரிலை ஒரு கணக்கின்ரை பேர்."

"இந்தக் கந்தோரிலை வேறை நிர்வாகி ஆர்?"

சாரங்கா அந்தக் கதையை விட்டுவிட்டாள். "சரி சேர். நீங்கள் ஒருக்கா பாஸ்வேர்ட்டை அடிச்சுத் தந்தியள் எண்டால், நான் அஞ்சு நிமிசத்திலை செய்துபோடுவன்."

"பாஸ்வேர்ட் உறைக்குள்ளை. உறை அலுமாரிக்குள்ளை. அரக்கு வைச்சு மூடியிருக்கு. மூண்டு பேர் கொண்ட சபைக்கு முன்னாலைதான் உடைக்கலாம்."

"உங்களுக்குத் தெரியாதோ சேர்?"

"பொறுப்பான அதிகாரிக்கு இரகசியம் தெரிஞ்சிருக்கக் கூடாது பிள்ளை. தெரிஞ்சால் அது இரகசியமில்லை."

"அப்ப உங்கடை மெசினிலையே துண்டை அடிச்சு எடுப்பம். அது திறந்துதானே கிடக்கு."

"நிர்வாகியின்ரை கதிரையிலை நிர்வாகி அல்லாதோர் இருக்கேலாது. கணக்காய்வுக்காரர் கேட்பினம்."

"நீங்கள் இருங்கோ சேர். நான் பக்கத்திலை நிண்டு சொல்லுறன், நீங்கள் அடியுங்கோ."

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றினார். ஒருவர் தன்னை அவமதிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். "நான் அதிசிறப்புத் தரம். தட்டச்சு மூன்றாம் தரத்தின்ரை வேலை. ஒரு எழுத்து அடிச்சாலும் என்ரை பதவியை நானே இறக்கினமாதிரி. முப்பத்தொரு வருசச் சேவையிலை நான் ஒரு எழுத்தும் அடிச்சதில்லை."

ஆக, கதிரையில் இருக்கக்கூடியவர் அடிக்க மாட்டார், அடிக்கத் தெரிந்தவள் கதிரையில் இருக்கக் கூடாது. வீரம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். சாரங்கா போய், "நாளைக்கு வாங்கோ அக்கா" என்றாள். 'இப்ப' என்ற சொல்லை அதற்குப் பிறகு அவள் பாவிக்கவில்லை.

மறுநாள் கொழும்புக் கம்பனிக்குத் தன் கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பு எடுத்தாள். இருபது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு குரல் வந்து, "உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்தது. வேறு வழியில்லாமல் எழுத்தில் விண்ணப்பித்தாள். சிற்றம்பலம் அவள் எழுதியிருந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் சிவப்பு மையால் வெட்டி, அரச கரும மொழியில் தலைப்பிட்டார்: 'நிர்வாகி அல்லாதோருக்கான சுற்றாடல் மாறியை ஏற்படுத்தல் மற்றும் காணப்படாத பாதையைக் கண்டறிதல்.' பதிவறையில் தலைப்பைப் பார்த்துத்தான் கடிதம் பிரிப்பார்கள். அதை முழுதாக வாசிக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சுற்றாடல் என்று இருந்ததால் ஒரு பிரதி சுற்றாடல் பகுதிக்குப் போனது. பாதை என்று இருந்ததால் இன்னொரு பிரதி வீதிப் பகுதிக்குப் போனது. கம்பனியின் பெயர் தலைப்பில் இல்லாததால் கம்பனிக்கு ஒன்றும் போகவில்லை.

ஆறாம் நாள் சுற்றாடல் பகுதியிலிருந்து அனோஜா என்ற உத்தியோகத்தர் நாலு பக்கப் படிவத்தோடு வந்தாள். வயதில் சாரங்காவை விட இளையவள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"எத்தினை மரம் தறிக்கப் போறியள் அக்கா?"

"மரம் ஒண்டும் தறிக்கேல்லை. கொம்பியூட்டரிலை ரெண்டு வரி எழுதோணும், அவ்வளவுதான்."

அனோஜா படிவத்தில் 'மரங்கள்: இரண்டு வரி' என்று எழுதினாள்.

"ஐயோ தங்கச்சி, மர வரியில்லை, எழுத்து வரி!"

"விளங்குது அக்கா. ஆனால் எழுத்துக்கு இதிலை பெட்டி இல்லை. நான் வெறுமையாக் கொண்டு போனால் என்னைத் திரும்ப அனுப்புவினம். ஒட்டுசுட்டானிலையிருந்து வாறன். ரெண்டு பஸ்." அவள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சாரங்கா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. சுற்றாடலை மாற்றுவதற்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அகற்றப்படும் இரண்டு வரி மரங்களுக்கு ஈடாக முன்கூட்டியே ஒரு மரமாவது நடப்பட வேண்டும்.

ஒன்பதாம் நாள் கந்தோர் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். அன்றைக்கும் துண்டு கேட்டு வந்திருந்த வீரம்மாவைப் பிடித்து, பயனாளி என்று சொல்லி முன்வரிசையில் இருத்தி, கையில் ஒரு மருதங்கன்றைக் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். பிறகு அதை வாங்கித் தன் கையாலேயே நட்டுவிட்டுச் சிற்றம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த மண்ணிலே சுற்றாடல் முன்னரும் இருந்தது. ஆனால் அது வரையறுக்கப்படவில்லை! இன்று நாம் வரையறுக்கின்றோம். எமது அதிகாரசபை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு முறைத்துண்டுகூடப் பிழையாக வெளியே போனதில்லை என்பதைப் பெருமையோடு அறியத் தருகிறேன். முன்பு ஒரு தனிமனிதர் பயிரைக் கிள்ளிப் பார்த்துத் தண்ணீர் விட்டார். இன்று அந்த நிலைமை முற்றாக ஒழிக்கப்பட்டிருக்கிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தனிமனிதரும் பின்வரிசையில் இருந்து தட்டினார். கன்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், விட்டவர் ஏட்டில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுத்தில் கட்டளை பிறந்தது. கந்தோர்த் தொட்டிக்குத் தண்ணீர் அதே வாய்க்காலிலிருந்துதான் மோட்டரால் ஏறும்.

வீரம்மா போகும்போது சாரங்காவைத் தனியே கூப்பிட்டாள். "மேட்டுப் பக்கம் தாளு சுருள ஆரம்பிச்சிருச்சு மிஸ். நாளைக்காச்சும்…" சாரங்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. யாரோ செய்கிற கோமாளித்தனத்துக்குத் தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

பதினோராம் நாள் வீதிப் பகுதியிலிருந்து வீரபாகு என்பவர் அளவு நாடாவும் உதவிக்கு இரண்டு பேருமாக வந்தார். கெட்டிக்கார மனிதர். காணாமல் போன பாதையைக் காட்டச் சொன்னார். சாரங்கா கணினியில் அந்த இடத்தைக் காட்டினாள். சீ என்ற எழுத்து, இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு.

"இதிலை சீ எண்டெல்லோ கிடக்கு?"

"ஓம்."

"அப்ப இது எங்கடை வேலையில்லை பிள்ளை. எங்களுக்கு ஏயும் பீயும்தான். சீ தர வீதி மாகாணத்தின்ரை. ஏ ஒன்பது எண்டு போட்டிருந்தியள் எண்டால் நாளைக்கே லொறியிலை கொண்டந்து கல்லுப் பறிச்சிருப்பன்."

"இது றோட்டில்லை அண்ணை."

"றோட்டில்லையெண்டால் ஏன் பாதை எண்டு எழுதினீங்கள்?"

வீரபாகு இரக்கத்தோடு இன்னொரு தடவை திரையைக் குனிந்து பார்த்தார். "கோடும் சாஞ்சு கிடக்கு. இப்பிடிச் சரிவிலை மழைக்கு ஆக்கள் விழுவினம். மாகாணத்துக்கு எழுதேக்கை இதையும் குறிப்பிடுங்கோ" என்று புத்தி சொல்லிவிட்டு, நாடாவைச் சுற்றிக்கொண்டு போனார். கோப்பு மாகாணத்துக்குப் போனது. அங்கே சீ வீதிக்கும் டீ வீதிக்கும் வேறு வேறு மேசை என்று கேள்வி.

பதின்மூன்றாம் நாள் உபகுழு கூடியது. அரக்கு உறையை உடைப்பதற்கான சபை அது என்று நம்பிச் சாரங்கா முதல் ஆளாகப் போய் இருந்தாள். ஆனால் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக, நிர்வாகி அல்லாதோர் என்றால் யார் என்ற கேள்வி இருந்தது. இரண்டு மணித்தியாலம் அதிலேயே போனது. நிர்வாகி என்றால் யார் என்பதற்கு வர்த்தமானி அறிவித்தல் இருக்கிறது, நிர்வாகி அல்லாதவருக்கு ஒன்றும் இல்லையே என்று ஒருவர் கவலைப்பட்டார். உண்மையில் நிர்வாகியாக இருக்கும் ஒருவர் அதை மறைத்து, நிர்வாகி அல்லாதவரைப் போல் நடித்துச் சலுகை பெற்றுவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில், விண்ணப்பதாரர் தாம் நிர்வாகி அல்லர் என்பதைக் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தி வர வேண்டும் என்று முடிவாகி, வடையோடு கூட்டம் கலைந்தது. உறை அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

சாரங்கா போனாள். போகாமல் என்ன செய்வது? கிராம சேவையாளர் குகதாசன் அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு கடிதம் நான் இன்னும் எழுதினதில்லை, தங்கச்சி" என்று சொல்லி, யோசித்து யோசித்து எழுதினார். 'மேற்படி சாரங்கா என்பவரை எனக்கு இரண்டு மாதங்களாகத் தெரியும். இவர் நன்னடத்தை உள்ளவர். எனக்குத் தெரிந்தவரை எவ்விதத்திலும் நிர்வாகியாக இருந்ததில்லை.' முத்திரை குத்தி, குடும்ப அட்டை இலக்கத்தையும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அதை வாசித்தபோது சாரங்காவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணீர் வந்தது. நான்கு வருடம் தெருவில் நின்று வாங்கிய உத்தியோகத்தின் முழு விளக்கமும் அந்த மூன்று வசனத்தில் இருந்தது.

பதினேழாம் நாள் வழி பிறந்தது ஒரு ஆணியால். மரநடுகைப் படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்திருந்தது. சிற்றம்பலத்தின் அறையில் அதைத் தொங்கவிட நல்ல ஆணி ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற்கெனவே, கம்பனி அனுப்பிய முதல் கடிதம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. கணினியை அமைப்பது எப்படி என்ற குறிப்புத்தான் அது. நவீனமயமாக்கலின் முதலாவது ஆவணம் என்று அதற்குச் சட்டம் போட்டிருந்தார். கோப்பில் இருந்தது அதன் முன்பக்கத்தின் பிரதி.

"உதைக் கழட்டிக் கவனமா வையும் பிள்ளை" என்றார் சிற்றம்பலம்.

சாரங்கா கழற்றினாள். பின்பக்க மட்டை கறையான் தின்று கையோடு வந்துவிட்டது. கடிதத்தின் மறுபக்கம் தெரிந்தது. அங்கே தடித்த எழுத்தில் இருந்தது: 'நிர்வாகி அல்லாத பயனாளர் ஒவ்வொருவரும் தத்தம் கணக்குக்கு மட்டும் இவ்விரு வரிகளையும் தாமே எழுதிக்கொள்ளலாம். இதற்கு நிர்வாகியின் அனுமதியோ கடவுச்சொல்லோ தேவையில்லை.'

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். டிப்ளோமாவில் இதைப் படித்திருந்தாள். படித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிர்வாகி நிர்வாகி என்று பதினாறு நாள் கேட்டுக் கேட்டு, தன் கணக்கு தன்னுடையது என்பதையே மறந்துபோயிருக்கிறாள். அந்த நேரத்தில் சிற்றம்பலத்தின் மேல் வந்த கோபத்தை விடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிது.

தன் மேசைக்கு ஓடினாள். இரண்டு வரி. எழுத நான்கு நிமிடம் பிடித்தது. தட்டியதும் சிவப்புப் பெட்டி வரவில்லை; பச்சையாய் ஒரு பட்டியல் விரிந்தது. வீரம்மாவின் பெயர் முதலில் இருந்தது. பக்கத்தில், 'அனுமதிக்கப்பட்டது' என்று இருந்தது. திகதி, அவள் முதன்முதல் வந்து நின்ற அந்தத் திங்கட்கிழமை. நேரம், காலை எட்டு மணி ஐந்து நிமிடம். அவள் பஸ்ஸில் இருந்து இறங்குவதற்கு முன்பே கணினி தண்ணீர் கொடுத்துவிட்டது. கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'பத்து நாட்களுக்குச் செல்லுபடியாகும். காலாவதியாகிவிட்டது.'

சாரங்கா யாரையும் கேட்கவில்லை. வீரம்மாவினதையும், அந்த வாய்க்காலில் காத்துக்கிடந்த மற்றப் பதினொரு பேரினதையும் அச்சடித்தாள். யாருடைய ஸ்கூட்டியையோ வாங்கிக்கொண்டு மதகடிக்குப் போனாள்.

ஐயாத்துரை துண்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இதிலை திகதி எண்டு ஏதோ கிடக்குப் போலை."

"ஓம் வட்டவிதானையார். அது…"

"சொல்லாதையும் பிள்ளை. கண்ணாடி வீட்டை கிடக்கு. எனக்குத் தெரியேல்லை." துண்டை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துவிட்டுத் திறப்பை எடுத்தார்.

அன்றைக்கு மாலை தண்ணீர் பாய்ந்தது. பள்ளத்து ஏக்கர் பிழைத்துக்கொண்டது. மேட்டு ஏக்கர் பிழைக்கவில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டே அது மணியில்லாத வெள்ளைக் கதிர் தள்ளியது.

அடுத்த வாரம் சாரங்காவுக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று. நிர்வாகி அல்லாதவராக இருந்துகொண்டு அனுமதியின்றிச் சுற்றாடலை மாற்றியமை. மாகாணத்தின் பரிசீலனையில் இருக்கும் பாதையைத் தன்னிச்சையாகக் கண்டறிந்தமை. சட்டமிடப்பட்ட அரச ஆவணத்தின் பின்பக்கத்தை வாசித்தமை. சுற்றாடலை உடனடியாக முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கட்டளையிடப்பட்டிருந்தது. சிற்றம்பலம் மேசைக்குப் பக்கத்தில் நிற்க, அவள் இரண்டு வரியையும் அழித்தாள். தட்டிக் காட்டினாள். சிவப்புப் பெட்டி வந்தது. "இப்பதான் ஒழுங்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வீரம்மா வந்தாள். அடுத்த தண்ணீருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். மீதி ஏக்கர் பால் பிடிக்கிற நேரம். கையில் பிடித்திருந்த வெள்ளைக் கதிர் ஒன்றைச் சாரங்காவின் மேசையில் வைத்தாள். அவள் கோபித்திருந்தால் சாரங்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

யன்னலுக்கு வெளியே காவலாளி மருதங்கன்றுக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். பாத்தி நிரம்பி, முற்றத்தில் வழிந்து, பெயர்ப்பலகையின் காலடி வரை ஓடியது. கன்று புதுத் தளிர் விட்டு நின்றது. காவலாளி குழாயைப் போட்டுவிட்டு ஏட்டில் கையெழுத்து வைத்தார்.

வீரம்மா கன்றைக் காட்டினாள்.

"இதுக்கு யாரு மிஸ் துண்டு குடுத்தா?"

சாரங்கா பேனையைக் கீழே வைத்தாள்.

"அது நிர்வாகி நட்ட மரம், அக்கா. அதுக்குத் துண்டு தேவையில்லை."